பேட்டரி இல்லாத ஸ்டிக்கர் பதில் சொல்வது எப்படி?

மார்ச் நெருங்கினால் பல அலுவலகங்களில் யாராவது ஒருவர் மேஜைக்கு அடியில் குனிந்து நாற்காலி, கணினி என்று எண்ணிக்கொண்டிருப்பார். சொத்துகளை நிர்வாகம் உரிய இடைவெளியில் நேரில் சரிபார்த்ததா என்று ஆடிட்டர் கேட்பாரே! பார்கோடு என்றால் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து ஸ்கேனரைக் காட்ட வேண்டும். ரேடியோ அலையால் படிக்கப்படும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் என்றால், அதைப் படிக்கும் கையடக்கக் கருவியான ரீடரோடு அறைக்குள் ஒரு நடை நடந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

அந்த ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்தால் வளைந்து நெளிந்த அலுமினிய ஆன்டெனா தெரியும்; நடுவில் புள்ளியளவு சிப். பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சிப் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் இதற்கான அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. காரின் ஃபாஸ்டேக்கும் இதில்தான் இயங்குகிறது. அந்தச் சொற்ப மின்சாரத்தில் சொந்தமாக அலை அனுப்ப முடியாது. ஆகவே வரும் அலையையே கூட்டியும் குறைத்தும் திருப்பி விடுகிறது. கண்ணாடித் துண்டை வெயிலில் ஆட்டித் தூரத்தில் இருப்பவருக்குச் சைகை காட்டுவோமே, அதே வித்தைதான். 1948இலேயே ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர் இந்த யோசனையை ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்.

சரி, நூறு ஸ்டிக்கர்கள் ஒரே நேரத்தில் பேசினால்? ஒவ்வொரு சிப்பும் தற்செயலாக ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும். இரண்டு மோதினால் மறுபடி முயலும்.

இந்த ஸ்டிக்கர்களை அச்சடிக்கும் லேபிள் பிரிண்டர்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஸ்டிக்கர் சுருள் உள்ளே நகரும்போது பிரிண்டருக்குள் இருக்கும் ஆன்டெனா சிப்பில் எண்ணை எழுதுகிறது. சூடான பிரிண்ட் ஹெட் ரிப்பனின் மையை உருக்கிச் சொத்து எண்ணையும் பார்கோடையும் மேலே பதிக்கிறது. சிப் பழுதென்றால் அந்த லேபிளில் 'வாய்ட்' (செல்லாது) என்று அடித்துத் தள்ளிவிட்டு, அதே எண்ணை அடுத்ததில் எழுதும். அடிக்கடி துடைக்கும் கருவிகளுக்குக் காகிதமும் மெழுகு ரிப்பனும் தாங்காது. பாலியஸ்டரும் ரெசின் ரிப்பனும் வேண்டும்.

உலோகம்தான் பெரிய தலைவலி. இரும்பு பீரோவில் சாதாரண ஸ்டிக்கரை நேராக ஒட்டினால் ஆன்டெனாவின் சுருதி கலைந்து ஊமையாகிவிடும். நுரை அடுக்கு வைத்த தனி ஸ்டிக்கர் இருக்கிறது. விலை பல மடங்கு. பட்ஜெட் போடுபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். இன்னொன்று, ப்ளைவுட் தடுப்பை அலை சுலபமாகக் கடந்துவிடும். ரீடரின் சக்தியைக் குறைக்காவிட்டால் பக்கத்து அறை நாற்காலியும் இந்த அறைக் கணக்கில் ஏறும். ஸ்டிக்கரை லேப்டாப்பிலிருந்து உரித்து மேஜையில் ஒட்டிவிட்டால், லேப்டாப் பத்திரமாக இருப்பதாகவே ரீடர் சொல்லும். விலை கூடிய பொருள்களுக்கு, உரித்தால் கிழிந்துபோகும் லேபிளையே வாங்குங்கள்.