வார்ப்புக்கு முந்தின நாள்

குமரி மாவட்டம் குளச்சலில் என் மைத்துனர் வீடு கட்டினார். கீழ்த்தளக் கான்கிரீட் வார்ப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான், குளியலறைக் கழிவுநீர் எந்த வழியாக வெளியே போகும் என்ற பேச்சே வந்தது. குழாய் போக வேண்டிய பாதையில் ஒரு பீம், அதாவது கான்கிரீட் உத்தரம், குறுக்கே நின்றது. ஒரு நாள் மதியம் நான் போனபோது டிரில்லிங் மெஷின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. தூணிலிருந்து ஒரு முழம் தள்ளி, பீமின் பக்கவாட்டில் தேங்காய் அளவுக்கு ஒரு பள்ளம். உள்ளே, பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பிகளில் இரண்டு அறுபட்டுக் கிடந்தன.

"துளைதானே சார், குழாயைப் போட்டுட்டு சிமெண்ட் வச்சு அடைச்சிரலாம்" என்றார் வேலை செய்தவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குழாய்க்கு ஒரு வழி வேண்டும் என்று வார்ப்புக்கு முன்னால் யாருமே யோசிக்கவில்லை. கடைசியில் சுமை அவர் தலையில் விழுந்தது.

கான்கிரீட் பீமில் துளை விடலாம். பெரிய கட்டடங்களில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் ஏசி குழாயும் பீமைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. எந்த இடத்தில், எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பீம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இடம் தானாகவே பிடிபடும். இரண்டு தூண்களுக்கு நடுவே கிடக்கும் பீம் மேல் சுமை ஏறும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அது தொய்கிறது. நடுப்பகுதியில் மேல்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் கெட்டிக்காரன். இழுவை என்று வந்தால் அந்த வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அதற்கு உண்டு. அடியில் கம்பி கட்டுவது அதனால்தான். அமுங்கும் மேல்பகுதிக்கும் இழுபடும் அடிப்பகுதிக்கும் இடையில் இரண்டும் இல்லாத ஒரு தளம் இருக்கிறது. அதை ஒட்டிய கான்கிரீட்டுக்கு வளைவைத் தாங்கும் வேலை மிகக் குறைவு.

நம் ஊர்ப் பனைமரத்தை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வைரம், அதாவது கெட்டியான பாகம், முழுவதும் வெளிவட்டத்தில். நடுவே சோறு போல மெத்தென்று இருக்கும். ஆனிக்காற்றில் வளைந்து நிமிரும் மரத்துக்கு வலிமை தேவைப்படுவது ஓரத்தில்தான். பழைய ஓட்டு வீடுகளுக்குப் பனங்கை செதுக்கியவர்களும் உள்சோற்றைத் தள்ளிவிட்டு வெளி வைரத்தைத்தான் எடுத்தார்கள்.

அப்படியானால் பீமின் உயரத்தில் நடு மூன்றில் ஒரு பகுதி துளைக்குத் தோதான இடம். மைத்துனர் வீட்டுத் துளையும் நடு உயரத்தில்தான் இருந்தது. தப்பு நீளவாக்கில் நடந்திருந்தது.

வளைவைத் தவிர இன்னொரு விசையும் பீமில் உண்டு, பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் வெட்டு விசை. பீம் தாங்கும் சுமை முழுவதும் கடைசியில் தூணில் போய் இறங்க வேண்டும். ஆகவே தூண் பக்கத்தில் இது உச்சத்தில் இருக்கும். இது மிஞ்சினால் பீம் நேராகப் பிளக்காது, ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் வெடிப்பு ஓடும். அந்தச் சாய்கோடு நடு உயரத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ரிங் கம்பிகள் இந்த வெடிப்புக்குக் குறுக்கே நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கின்றன. தூணை நெருங்க நெருங்க கம்பி கட்டுபவர் ரிங்கை நெருக்கி வைப்பது இதற்காகவே. தூணிலிருந்து ஒரு முழத்தில் துளை போட்டு ரிங்கையும் அறுத்தால், வெடிப்புக்கு நாமே பாதை வெட்டிக் கொடுத்த மாதிரி. தூண் முகத்திலிருந்து பீம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளிப் போக வேண்டும். ஒன்றரை அடி பீம் என்றால் மூன்று அடி.

அளவுக்கும் வரம்பு உண்டு. துளையின் விட்டம் பீம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. 450 மில்லிமீட்டர் பீமுக்கு 150 மில்லிமீட்டர்தான் உச்சம். நாம் நாலு இஞ்ச் என்று சொல்லும் கழிவுக் குழாயின் வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர். அது தாராளமாக நுழைய 160 மில்லிமீட்டர் ஸ்லீவ் (துளைக்காக வார்ப்புக்கு முன்பே பதிக்கும் குழாய்த் துண்டு) வைத்தால் வரம்பு தாண்டிவிடுகிறது. சாதாரண வீட்டில் கழிவுக் குழாயை பீமுக்கு அடியில் கொண்டுபோவதே மேல் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஏசி தண்ணீர்க் குழாய், மின்கம்பிக் குழாய் போன்றவற்றுக்குத்தான் பீமில் துளை.

துளை வட்டமாக இருக்கட்டும். ஜெர்மானியரான கிர்ஷ் 1898இல் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார்: இழுபடும் அகலமான தகட்டில் சின்ன வட்டத் துளை இருந்தால், அதன் ஓரத்தில் தகைவு, அதாவது பரப்பின் மேல் விழும் விசையின் அளவு, மூன்று மடங்காகிறது. வட்டத்துக்கே இப்படி. கூர்மையான மூலை உள்ள சதுரத் துளையில் தகைவு அந்த மூலைகளில் இன்னும் குவியும். வெடிப்பும் அங்கிருந்துதான் கிளம்பும். வட்டமாகவே விட்டாலும், துளைக்கு இரண்டு பக்கமும் கூடுதல் ரிங்குகளும், தேவைப்பட்டால் சாய்வாகக் குறுக்குக் கம்பிகளும் இன்ஜினீயர் வரைபடத்தில் போட்டுத் தர வேண்டும்.

இனி துளை விடும் முறை. பீமின் அகலத்துக்குச் சரியாக ஒரு பிவிசி குழாய்த் துண்டை வெட்டி, கான்கிரீட்டைத் தாங்கும் அச்சான சென்ட்ரிங் பலகைகளுக்கு நடுவே இறுக்கமாக நிறுத்துவார்கள். வாய் பலகையோடு ஒட்டி இருக்க வேண்டும்; நூலளவு இடைவெளி இருந்தாலும் சிமெண்ட் பால் உள்ளே போய் அடைத்துவிடும். அதற்காக உள்ளே ஈரமணலோ சாக்குத் துணியோ திணித்து வைப்பார்கள். மோட்டார் பீடத்தில் போல்ட்டுக்குக் குழி விட வாழைத்தண்டை நட்டு வார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். தண்டு காய்ந்து சுருங்கியதும் கையால் உருவி எடுத்துவிடலாம், அருமையான யோசனை.

பலரும் கோட்டை விடுவது ஸ்லீவைக் கட்டுவதில். இன்னும் இறுகாத பச்சைக் கான்கிரீட் ஒரு திரவம் போல நடந்துகொள்ளும், அதுவும் அதை அதிர வைத்து இறக்கும் வைப்ரேட்டர் உள்ளே இறங்கியதும். ஒரு கன மீட்டர் எடை ஏறக்குறைய 2,400 கிலோ. 110 மில்லிமீட்டர் விட்டமும் 230 மில்லிமீட்டர் நீளமும் உள்ள காலிக் குழாய் அதில் முழுகினால், ஐந்து கிலோவுக்கு மேல் மேல்நோக்கித் தள்ளப்படும். குழாயின் எடையோ சில நூறு கிராம். தண்ணீரில் முக்கிய பந்து போல அது மேலே வரப் பார்க்கும். ஆகவே கட்டுக்கம்பியால் ரிங்கோடு மேலும் கீழும் சேர்த்துக் கட்ட வேண்டும், ஒரு சுற்று போதாது.

கூரைத் தட்டு வார்ப்பில் பதிக்கும் மின்குழாய்க்கும் இதே கதைதான். 25 மில்லிமீட்டர் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தள்ளல் வாங்கும். சரியாகக் கட்டாவிட்டால் மிதந்து மேற்பரப்புக்கு அருகில் வரும். அப்புறம் குழாய் போன வழியே மொட்டைமாடியில் மெல்லிய கோடாக வெடிப்பு விழும், மழை அதில் இறங்கும். குழாய் அடிக்கம்பிக்கு மேலே, தட்டின் நடுவில் இருக்க வேண்டும். தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் பிடிக்கக் கூடாது. ஐந்து இஞ்ச் தட்டில் அது ஏறக்குறைய 42 மில்லிமீட்டர். இரண்டு 25 மில்லிமீட்டர் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டாலே 50! சுவிட்ச் போர்டுக்கு மேலே எட்டுப் பத்துக் குழாய்களை விறகுக்கட்டு போலச் சேர்த்துக் கொண்டுவருவார்கள். அங்கே தட்டில் கான்கிரீட்டே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மையத்துக்கு மையம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்கு விலக்கி ஓட்டினால் இடையில் ஜல்லி இறங்கும்.

தூணுக்குள் மழைநீர்க் குழாயை ஒளித்து வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் கான்கிரீட் விதிநூலின் 2011 பதிப்பு தூணின் பரப்பில் 4 சதவீதத்துக்கு மேல் குழாய் பிடிக்கக் கூடாது என்றது. 230க்கு 300 தூணில் 110 மில்லிமீட்டர் குழாய் போட்டால் அது 14 சதவீதத்தை நெருங்குகிறது. உள்ளே கசிந்தால் பழுது பார்க்கவும் வழியில்லை.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் இதற்கெல்லாம் உப்புக் காற்றும் சேர்கிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது; காற்றிலுள்ள குளோரைடு அதைக் குலைக்கிறது. துரு பிடித்த இரும்பு பல மடங்கு பருத்து கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்கு எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட்டும், கம்பியை மூட 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவரும் கேட்கிறது. துளையின் உள்சுவரும் ஒரு வெளிப்பரப்புதான். ஸ்லீவுக்கும் ரிங்குக்கும் நடுவிலும் அந்தக் கவர் வேண்டும். பிறகு மெஷினால் குடையும்போது அறுபடும் கம்பி முனை உப்புக் காற்றுக்கு நேராக வாய் திறந்து நிற்கிறது, இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டத்தில்.

மைத்துனர் வீட்டுக்கு ஒரு இன்ஜினீயரைக் கூட்டி வந்தோம். பீமுக்கு முட்டுக் கொடுத்து, உதிரியைக் கொத்தி எடுத்து, புது ரிங் கட்டி, மூன்று பக்கமும் கூடுதலாக வார்க்கச் சொன்னார். குழாய் பீமுக்கு அடியில் திரும்பிப் போனது. குளியலறைக்கு வெளியே கூரை கொஞ்சம் தாழ்ந்தது. அந்தச் செலவில் நாற்பது ஸ்லீவ் வாங்கியிருக்கலாம் என்று என் தங்கை இன்றும் சொல்கிறாள்.

மறு வருடம் மாடி வார்ப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், பிளம்பர், எலக்ட்ரீஷியன், கம்பி கட்டுபவர் மூவரையும் சென்ட்ரிங் மேல் ஒன்றாக நிற்க வைத்து, வரைபடத்தை விரித்து, டார்ச் அடித்து ஒவ்வொரு ஸ்லீவையும் கையால் ஆட்டிப் பார்த்தோம். இரண்டு ஆடின, திரும்பக் கட்டினார்கள். மொத்தம் ஐந்து விட்டோம். நாலில் குழாய் ஓடுகிறது. ஐந்தாவது, என்றாவது படுக்கையறைக்கு ஏசி வாங்கினால் என்று விட்டது, இப்போதைக்கு மூடி போட்டுக் காத்திருக்கிறது.