ஒரு காதால் செய்த இசைத்தட்டு

1966-ல் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' என்ற பாப் இசைத்தட்டை உருவாக்கிய அமெரிக்க இசைக் கலைஞர் பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காது. பாப் இசை ரசிகர்கள் பலருக்கும் இது தெரிந்த செய்திதான். செவித்திறன் பரிசோதனை செய்வதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தத் தட்டைக் கேட்கும்போதெல்லாம் இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு காது கேட்காத பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு அந்த 36 நிமிட இசையில் பதில் இருப்பதாகவே நினைக்கிறேன்.

பிரையன் 1942-ல் பிறந்தவர். வளர்ந்தது கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய ஹாத்தார்ன் என்ற ஊரில். தம்பிகள் டென்னிஸ், கார்ல், அத்தை மகன் மைக் லவ், நண்பர் அல் ஜார்டின் ஆகியோருடன் சேர்ந்து 1961-ல் தொடங்கிய குழுதான் பீச் பாய்ஸ். கடற்கரை, அலைச்சறுக்கு, கார் என்று உற்சாகமான பாடல்களால் புகழ் பெற்றார்கள். பிரையனின் வலது காது எப்படிப் போனது என்பதற்குப் பல கதைகள் உண்டு. தந்தை அடித்ததால் என்பார்கள், பிறவியிலேயே என்பார்கள், அவரே வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். காரணம் எதுவானாலும், இசை கற்ற காலம் முழுவதும் அவருக்கு வேலை செய்தது ஒரு காதுதான்.

1964 டிசம்பரில் ஹூஸ்டன் நகருக்குப் போகும் விமானத்தில் அவருக்குக் கடுமையான பதற்றத் தாக்குதல் வந்தது. அதன்பின் குழுவோடு ஊர் ஊராகப் போவதை நிறுத்திக்கொண்டார். மேடையில் அவர் இடத்தை முதலில் கிளென் கேம்பலும் பிறகு புரூஸ் ஜான்ஸ்டனும் என்ற பாடகர்கள் நிரப்பினார்கள். பிரையன் ஸ்டூடியோவில் தங்கிவிட்டார். 1965-ன் இறுதியில் பிரிட்டனின் பீட்டில்ஸ் குழுவுடைய 'ரப்பர் சோல்' தட்டைக் கேட்டபோது, இடத்தை நிரப்பப் போட்ட பாட்டு என்று ஒன்றுகூட இல்லாத முழுத் தட்டு ஒன்றைத் தானும் செய்ய வேண்டும் என்ற வேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதுதான் 'பெட் சவுண்ட்ஸ்'. பாடல் வரிகளுக்கு அவர் கூப்பிட்டது டோனி ஆஷரை. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஆஷர். இருவரும் உட்கார்ந்து பேசிப் பேசி எழுதிய பாடல்களில் கடற்கரை இல்லை. வயது ஏறுவதன் பயம், தன்மேல் தனக்கே வரும் சந்தேகம், மாறிப்போன காதலி என்று அவை வேறு திசையில் போயின.

1966-ன் தொடக்கத்தில் குழுவின் மற்றவர்கள் ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, பிரையன் ஹாலிவுட்டில் வெஸ்டர்ன் ரெக்கார்டர்ஸின் 3-ம் ஸ்டூடியோவில் வாத்திய இசையைப் பதிவு செய்துகொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் சக் பிரிட்ஸ். இந்தப் பக்கம் டிரம்ஸில் ஹால் பிளேன், மின் பேஸில் (தாழ்ந்த ஸ்வரங்கள் வாசிக்கும் கிட்டார்) கேரல் கே, நின்று வாசிக்கும் பெரிய பேஸில் லைல் ரிட்ஸ் என்று நகரத்தின் தேர்ந்த ஸ்டூடியோக் கலைஞர்கள். இப்போது அவர்களை 'ரெக்கிங் க்ரூ' என்கிறார்கள். ஒவ்வொருவரின் பகுதியும் பிரையனின் தலைக்குள் இருந்தது. சிலருக்குத் தாளில் எழுதிக் கொடுப்பார், சிலருக்கு வாயால் பாடிக் காட்டுவார். எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். ஓரிடத்தில் சரியில்லை என்றால் நிறுத்தி, யார் என்ன மாற்ற வேண்டும் என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து.

அந்தப் பதிவுகளில் என்னை ஈர்ப்பது ஒலிகளைக் கலந்த விதம். மின் பேஸும் மரப் பேஸும் ஒன்றாக ஒலிக்கும். அக்கார்டியன்களின் ஓசைக்குள் பியானோ கரைந்திருக்கும். மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சையானது போல, எது எந்த வாத்தியம் என்று பிரிக்க முடியாத மூன்றாவது ஓசை ஒன்று பிறக்கும். 'யூ ஸ்டில் பிலீவ் இன் மி' பாட்டில் சைக்கிள் மணியும் ஹாரனும் வருகின்றன. 'கேரலைன், நோ' பாட்டின் தொடக்கத்தில் தட்டப்படுவது தண்ணீர் விற்கும் பெரிய காலி ஜாடி. அதே பாட்டு முடிந்ததும் ஒரு ரயில் கடந்துபோக, பிரையனின் நாய்கள் பனானாவும் லூயியும் குரைக்கின்றன. 'காட் ஒன்லி நோஸ்' பாட்டைத் தானே பாடாமல் தம்பி கார்லிடம் கொடுத்தார். அப்போது கார்லுக்கு வயது 19. அண்ணனுடைய மிகச் சிறந்த முடிவுகளில் அது ஒன்று என்பேன்.

"ஒரு காது கேட்காதவர் இதையெல்லாம் எப்படிக் கேட்டிருப்பார்?" என்று சிலர் வியக்கிறார்கள். வியப்பதற்கு அதில் எதுவுமில்லை. சுருதி, தாளம், ஓசையின் நிறம், இரண்டு ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள உறவு இவை அனைத்தையும் அறிய ஒரு நல்ல காது போதும். இரண்டு காது வேண்டியிருப்பது வேறு வேலைகளுக்கு. இடப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலது காதை அடைய அதிகபட்சம் 0.7 மில்லி விநாடி அளவுக்குத் தாமதமாகும். கீச்சென்ற ஒலிகளைத் தலையே மறித்துவிடுவதால் அவை அந்தக் காதில் குறைந்தும் விழும். இந்தச் சிறு வித்தியாசங்களைக் கொண்டுதான் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கணக்கிடுகிறது. சத்தமான இடத்தில் ஒருவர் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்பதும் இதன் உதவியால்தான். ஒரு காது போனால் இந்த இரண்டும் பெருமளவு போய்விடும். ஸ்டூடியோவில் இரண்டுமே பெரிதாகத் தேவைப்படவில்லை. எல்லோரையும் நிறுத்தி ஒருவரை மட்டும் வாசிக்கச் சொல்ல பிரையனால் முடியும். வகுப்பில் இருக்கும் பிள்ளையால் அப்படி நாற்பது பேரையும் நிறுத்தச் சொல்ல முடியாது.

தட்டு மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்த ஒற்றை வடிவில், வந்ததற்கும் இந்தக் காதுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது மட்டுமே காரணம் என்று கதை கட்டக் கூடாது. அன்றைய பாப் பாடல்கள் சேர்ந்த இடம் ஏ.எம். வானொலியும் கார் ஸ்பீக்கரும், அவை மோனோ. பிரையன் ஆசானாக நினைத்த தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரும் மோனோவை விரும்பியவர். கேட்பவர் எங்கே உட்கார்ந்தாலும், ஸ்பீக்கரை எப்படி வைத்தாலும் தயாரிப்பாளர் தீர்மானித்த அளவிலேயே ஒலி போய்ச் சேரும் என்ற பிடிமானம் அதில் இருந்தது. 4 டிராக் (தனித்தனி ஒலித் தடம்) கருவியில் பதிவான வாத்தியங்களை ஒன்றாகக் கலந்து, சில பாடல்களுக்குக் கொலம்பியா ஸ்டூடியோவின் 8 டிராக் கருவியில் ஒரே டிராக்கில் ஏற்றி, மீதி டிராக்குகளைக் குரல்களுக்கு ஒதுக்கினார்கள். கடைசியில் அத்தனையும் ஒற்றை ஒலியாக இறங்கியது. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், ஒலியை இடம், வலம் என்று பிரித்துத் தரும் ஸ்டீரியோவை ஒரு நாளும் உணர முடியாத ஒருவர் தன் காதுக்கு முழுமையாக எட்டிய வடிவத்தில் தன் ஆகச் சிறந்த படைப்பைக் கொடுத்தார் என்பது எனக்கு மிக முக்கியமானது.

1966 மே 16 அன்று தட்டு வெளியானது. அமெரிக்கப் பட்டியலில் 10-ம் இடம் வரைதான் போனது. தட்டை வெளியிட்ட கேபிடல் நிறுவனம் இரண்டே மாதத்தில் குழுவின் பழைய பாடல்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. பிரிட்டனில் வரவேற்பு வேறு மாதிரி இருந்தது. அங்கே 2-ம் இடம். 'காட் ஒன்லி நோஸ்' தனக்கு மிகப் பிடித்த பாடல் என்று பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். 'பெட் சவுண்ட்ஸ்' இல்லையென்றால் 1967-ல் வந்த பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' தட்டு நடந்திருக்காது என்று அவர்களின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே சொன்னார். அமெரிக்காவில் விற்பனைக்கான தங்கத் தட்டுச் சான்று கிடைக்க 2000 வரை ஆனது. 2004-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஸ்டூடியோவையே ஒரு வாத்தியமாக வாசிக்கலாம் என்று பின்னால் வந்த பலருக்குக் காட்டியது இந்தத் தட்டுதான்.

1990-களில் மார்க் லினெட் என்ற ஒலிப்பதிவாளர் பழைய நாடாக்களை எடுத்து, வாத்தியங்களையும் குரல்களையும் மறுபடி பொருத்தி, முதல் முறையாக உண்மையான ஸ்டீரியோ வடிவத்தை உருவாக்கினார். 1997-ல் அது வெளிவந்தது. பிரையன் அதற்குச் சம்மதம் தந்தார். தன் பாட்டு இடமும் வலமுமாக விரிவதை அவரால் கேட்க முடியவில்லை. 2025 ஜூனில், 82 வயதில் அவர் காலமானார்.

இனி என் அறைக்கு வருபவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு காது கேட்காத வாலிபர்கள் பலர் ஹெட்போனில் பாட்டுக் கேட்கும்போது ஏதோ குறைகிறது என்கிறார்கள். குறையத்தான் செய்யும். ஸ்டீரியோவில் வலப்பக்கம் மட்டும் வைத்த கிட்டாரோ கோரஸோ, வலது காது கேட்காதவருக்கு இல்லவே இல்லை. 1960-களின் சில ஸ்டீரியோப் பதிவுகளில் குரல் முழுக்க ஒரு பக்கம், வாத்தியம் முழுக்க மறுபக்கம் இருக்கும். அவர்களுக்குப் பாதிப் பாட்டே கிடையாது. இதற்கான வழி கையில் இருக்கும் போனிலேயே உண்டு. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் போனால் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டால் இரண்டு பக்க ஒலியும் கலந்து இரண்டு ஹெட்போனிலும் வரும். செலவே இல்லாத இந்த உதவியைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

பிள்ளைகள் விஷயத்தில் பெரிய சிக்கல், ஒரு காது கேட்கவில்லை என்பது வீட்டில் தெரியாமலே போவது. கேட்கும் காது இருப்பதால் பேச்சு வந்துவிடும், கூப்பிட்டால் திரும்பும். திரும்பும் திசை மட்டும் தவறும். "கூப்பிட்டா எங்கேயோ பார்க்கிறான்", "டீச்சர் கவனமில்லைன்னு சொல்றாங்க" என்றுதான் அம்மாக்கள் வருகிறார்கள். 1980-களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில், ஒரு காது கேட்காத பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் குறைந்தது ஒரு வகுப்பிலாவது தேங்கியிருந்தது தெரியவந்தது. கவனமின்மை என்று வையப்படும் பிள்ளை உண்மையில் கேட்பதற்காகவே நாள் முழுதும் உழைத்துக் களைத்திருக்கலாம். வீட்டில் ஒரு சின்ன சோதனை செய்யலாம். போனில் பாட்டியோடு பேசும்போது இடையில் காதை மாற்றச் சொல்லுங்கள். ஒரு காதில் மட்டும் பேச மறுத்தாலோ, உடனே பழைய காதுக்கே போனாலோ பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

பரிசோதனையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹெட்போனில் சுமார் 40 டெசிபலுக்கு மேல் கொடுக்கும் ஒலி மண்டையோட்டின் வழியே மறுபக்க நல்ல காதுக்குப் போய்விடும். பிள்ளையும் கேட்கிறது என்று கையைத் தூக்கும். நல்ல காதுக்கு இரைச்சல் கொடுத்து அடக்கி வைத்துத்தான் மறு காதைச் சோதிக்க வேண்டும். இதை மாஸ்க்கிங் என்போம். அவசரமாக நடக்கும் முகாம்களில் இது விடுபட்டு, முற்றிலும் கேட்காத காதுக்கு 'மிதமான குறைபாடு' என்று சீட்டு எழுதப்பட்டு வருவதைப் பார்க்கிறேன். மாஸ்க்கிங் செய்தீர்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

காரணங்களில் பொன்னுக்கு வீங்கியைத் தனியாகச் சொல்கிறேன். அந்த வைரஸ் சில பிள்ளைகளில் ஒரு காதை அடியோடு பறித்துவிடும், திரும்பக் கிடைக்காது. அரசின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான ஊசி இருக்கிறது. பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியைத் தனியாகத்தான் போட வேண்டியிருக்கிறது. குழந்தைகள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

வகுப்பில் நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்குமாறு, ஜன்னல் இரைச்சலிலிருந்து விலகி இடம் வாங்கிக் கொடுங்கள். வண்டிச் சத்தம் வரும் திசை தெரியாது என்பதால் சாலையைக் கடக்க கண்ணை நம்பப் பழக்குங்கள். கேட்காத பக்க ஒலியை மைக் மூலம் வாங்கி நல்ல காதுக்கு அனுப்பும் க்ராஸ் வகைக் கருவிகள், எலும்பு வழியே ஒலி கடத்தும் கருவிகள், தேர்ந்தெடுத்த சிலருக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) என்று வழிகள் உண்டு. எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது. போட்டுப் பார்த்து முடிவு செய்வது நல்லது. நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவிக் குறைபாட்டை இரண்டு காதுகளையும் வைத்தே வரையறுக்கிறது. அதனால் சலுகைக்கான சான்று பெரும்பாலும் கிடைக்காது. பள்ளியோடு பெற்றோர்தான் பேச வேண்டியிருக்கிறது.

இருக்கும் ஒரு காதைக் காப்பதில் எந்தச் சமரசமும் வேண்டாம். திருவிழா ஸ்பீக்கர் பக்கம், வெடி பக்கம் போகும்போது காது அடைப்பான் போடுங்கள். காதுக்குள் பட்ஸோ கொண்டை ஊசியோ விடாதீர்கள். பெரியவர்கள் யாருக்காவது தூங்கி எழும்போது திடீரென ஒரு காது அடைத்து, இரைச்சலோடு கேட்காமல் போனால் அழுக்கு என்று நினைத்து எண்ணெய் ஊற்றிக் காத்திருக்க வேண்டாம். உள்காது நரம்பு பாதிப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும். இரண்டு வாரம் கடந்தால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், அன்றைக்கே ஆடியோகிராம் (செவித்திறன் வரைபடம்) எடுக்கச் சொல்லுங்கள்.