அவமதிப்புக்கும் தீக்கும் நடுவே நான்கு மாதங்கள்

முகமது நபி தொடர்பான 12 கேலிச்சித்திரங்களை டென்மார்க்கின் யூலாண்ட்ஸ்-போஸ்டன் நாளிதழ் வெளியிட்டது 2005 செப்டம்பர் 30இல். டமாஸ்கஸில் டென்மார்க் தூதரகம் கொளுத்தப்பட்டது 2006 பிப்ரவரி 4இல். மறுநாள் பெய்ரூட்டிலும் தீ. இடையே நான்கு மாதங்களுக்கு மேல். அந்த இடைவெளியில், அக்டோபரில், அதுவும் ரமலான் மாதத்தில், எகிப்தின் அல் ஃபஜ்ர் இதழ் அந்தச் சித்திரங்களில் சிலவற்றைக் கண்டனத்தோடு அச்சிட்டிருந்தது. கெய்ரோவில் ஒன்றும் எரியவில்லை.

மத அவமதிப்பு என்றதும் நாம் தீக்குச்சியையும் வைக்கோலையும் நினைத்துக்கொள்கிறோம். உரசினால் பற்றும், அவ்வளவுதான் என்று. "சீண்டினால் இப்படித்தான் ஆகும்" என்பார் ஒருவர். "அவர்களே இப்படித்தான்" என்பார் இன்னொருவர். இருவரும் ஜென்ம விரோதிகளாக இருக்கலாம். ஆனால் கோபம் தானாகவே வன்முறையாகிவிடும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நான்கு மாதம் கழித்துப் பற்றும் வைக்கோல் எது என்று இருவரும் கேட்பதில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வலி நடிப்பல்ல. மனிதர்கள் சில விஷயங்களைப் பேரத்துக்கு அப்பாற்பட்டவையாக வைத்திருக்கிறார்கள். உளவியலாளர்கள் இவற்றைப் புனித மதிப்புகள் என்கிறார்கள்; மதம்தான் என்றில்லை, நிலம், கொடி, முன்னோர் எதுவும் இப்படி ஆகலாம். ஜெரமி கிஞ்சஸ், ஸ்காட் அட்ரான் உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இஸ்ரேலியக் குடியேறிகளிடமும் பாலஸ்தீனர்களிடமும் கற்பனையான சமாதான ஒப்பந்தங்களை நீட்டினார்கள். தாங்கள் புனிதமாகக் கருதியதை விட்டுக்கொடுக்கப் பணமும் சேர்த்துத் தருகிறோம் என்றபோது எதிர்ப்பு குறையவில்லை, கூடியது. வன்முறைக்கான ஆதரவும் கூடியது. எதிர்த்தரப்பு தான் புனிதமாகக் கருதும் ஒன்றை மனதார விட்டுக்கொடுத்ததாகச் சொன்னபோதுதான் இறங்கியது. கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது. எவ்வளவு கொடுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று மக்கள் சொன்ன நம்பிக்கைகளைப் பற்றி யோசிக்கும்போது, லாப நட்டக் கணக்கைவிட, சரி தவறு என்ற விதிகளோடு தொடர்புள்ள பகுதிகளே அதிகம் இயங்கின. "வெறும் படம்தானே, பார்க்காமல் விட்டால் போயிற்று" என்ற வாதம் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு இங்கே பாதி விடை இருக்கிறது. அது கணக்குப் போடுபவரிடம் செல்லுபடியாகும் வாதம்.

மீதிப் பாதி கௌரவத்தில் இருக்கிறது. ரிச்சர்ட் நிஸ்பெட்டும் டோவ் கோஹனும் 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். நடைவழியில் ஒருவர் மாணவர்மீது மோதி, ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லிவிட்டுப் போவார். அவர் ஆய்வாளர்களின் ஆள் என்று மாணவருக்குத் தெரியாது. அமெரிக்காவின் வட மாநில மாணவர்கள் பெரும்பாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தென் மாநிலத்தவர்களின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலும், மோதலுக்குத் தயாராவதோடு தொடர்புள்ள ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் எகிறின. மோதியது ஒரே ஆள், சொன்னது ஒரே வார்த்தை. அவமானத்தைப் பொறுத்துக்கொண்டால் ஊரில் மதிப்புப் போய்விடும் என்ற சூழலில் வளர்ந்த உடல்தான் கொதித்தது. இந்தச் சோதனையில் மதமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கோபம் வெளிப்படுவதற்கு ஆதாயமும் உண்டு. தவறு செய்தவரைத் தன் கைக்காசைச் செலவிட்டாவது தண்டிக்கும் மூன்றாம் மனிதரை மற்றவர்கள் கூடுதலாக நம்புகிறார்கள் என்று ஜில்லியன் ஜோர்டன் குழுவினர் 2016இல் காட்டினார்கள். அதாவது என் ஆத்திரம் எதிரிக்கு மட்டும் போகும் செய்தியல்ல. "நான் உங்கள் ஆள்" என்று என் கூட்டத்துக்கே போகும் செய்தி. மௌனமாக இருப்பவர்மீது சந்தேகம் விழும். சல்மான் ருஷ்டியை 2022 ஆகஸ்டில் கத்தியால் குத்திய இளைஞர், நபியை அவமதித்ததாகச் சர்ச்சைக்குள்ளான அவருடைய 'தி சாத்தானிக் வெர்சஸ்' நாவலில் இரண்டு பக்கம்போலப் படித்ததாகப் பேட்டி கொடுத்தார். பலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. விசுவாசத்தைக் காட்டப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

இவ்வளவும் சேர்ந்தாலும் கல் பறக்காது. கோபமாக இருக்கும் கோடிக்கணக்கானவர்களில் மிகப் பெரும்பாலோர் முணுமுணுத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். கூட்டம் எப்போது கைநீட்டும் என்பதற்குச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் ஒரு கணக்கு சொன்னார். எளிமையானது, ஆனால் திடுக்கிட வைப்பது. சதுக்கத்தில் 100 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு: எத்தனை பேர் கல்லெறிந்த பிறகு நானும் எறிவேன்? முதலாமவருக்கு வரம்பு பூஜ்யம், யாரும் எறியாவிட்டாலும் எறிவார். அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. முதல் கல் விழுந்தால் வரிசையாக 100 பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம். வரம்பு 1 உள்ளவரை எடுத்துவிட்டு, வரம்பு 2 உள்ள இன்னொருவரை நிறுத்துங்கள். முதலாமவர் எறிகிறார். இரண்டாவது கல் விழவே இல்லை. முதல் சம்பவத்தைப் பத்திரிகைகள் வெறிபிடித்த கும்பல் என்று எழுதும், இரண்டாவதை ஒரு தறுதலையின் வேலை என்று. இரண்டு கூட்டங்களின் சராசரிக் கோபமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூட்டத்தின் மனநிலையைப் பார்த்துக் கலவரத்தைக் கணிக்க முடியாது என்பதுதான் கிரானோவெட்டரின் கணக்கு சொல்வது.

அந்த வரம்புகளை யாராவது இறக்கிவிடலாம். டென்மார்க் விவகாரத்தின் நான்கு மாதமும் அதற்குத்தான் செலவானது. அக்டோபரில் 11 நாடுகளின் தூதர்கள் டென்மார்க் பிரதமரைச் சந்திக்கக் கேட்டார்கள், அவர் மறுத்தார். என் கணிப்பில் முழு விவகாரத்திலும் மலிவாகத் தவிர்த்திருக்கக்கூடிய தவறு அது. டிசம்பரில் டென்மார்க் இமாம்கள் சிலர் ஒரு கோப்போடு எகிப்துக்கும் லெபனானுக்கும் போனார்கள். அதில் நாளிதழில் வராத மூன்று படங்களும் இருந்தன. அவற்றில் ஒன்று பிரான்ஸில் நடந்த பன்றிபோலக் கத்தும் போட்டியில் முகமூடி அணிந்திருந்த ஒருவரின் புகைப்படம். நபியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. அதே மாதம் மெக்காவில் கூடிய இஸ்லாமிய நாடுகளின் மாநாட்டில் விஷயம் பேசப்பட்டது. ஜனவரியில் சவூதி அரேபியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. பிறகுதான் டமாஸ்கஸ். அனுமதியில்லாமல் ஊர்வலம் போக முடியாத சிரியாவில், ஒரு தூதரகம் எரியும் வரை காவல்துறை என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்விக்கு விடை தேட ஆராய்ச்சி தேவையில்லை. நைஜீரியாவின் மைதுகுரியில் அந்த பிப்ரவரியில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். பதிலுக்கு அதே நாட்டின் ஒனிச்சாவில் முஸ்லிம்கள். டென்மார்க்கோடு இருவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. உள்ளூர்ப் பகை முன்பே அங்கே காத்திருந்தது.

ருஷ்டி விவகாரத்திலும் இதே இடைவெளி உண்டு. நாவல் வந்தது 1988 செப்டம்பரில், அவரைக் கொல்லச் சொன்ன ஈரான் தலைவர் கொமேனியின் ஃபத்வா 1989 பிப்ரவரி 14இல். ஈராக்கோடு ஈரான் எட்டு வருடம் நடத்திய போர் வெற்றியில்லாமல் முடிந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த ஊடக ஆய்வாளர் செரியன் ஜார்ஜ், புண்படுத்துவதைப் போலவே புண்படுவதும் அரசியல் உத்தியாகத் தயாரிக்கப்படுகிறது என்கிறார். எந்த மதத்துக்கும் இது பொருந்தும். பிரான்ஸின் அபவில் நகரில் 1766இல் கத்தோலிக்க ஊர்வலத்துக்குத் தொப்பியைக் கழற்றாத லா பார் என்ற இளைஞரின் தலையை வெட்டி, வோல்தேரின் நூல் ஒன்றோடு சேர்த்து எரித்தார்கள். அதன் பின்னாலும் உள்ளூர் அதிகாரிகளின் சொந்தப் பகை இருந்தது.

சட்டம் போட்டால் அடங்கிவிடுமா? பிரிட்டிஷ் இந்தியாவின் லாகூரில் 1924இல் நபியைக் கேலி செய்து வெளியான ஒரு துண்டு நூலுக்காக வழக்கு நடந்தது. தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 1927இல் பதிப்பாளர் விடுதலையானார். அதே ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1929 ஏப்ரலில் பதிப்பாளர் குத்திக் கொல்லப்பட்டார். பிரிவின் வாசகம் (இந்தியாவில் 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 299ஆம் பிரிவாக இருப்பது) என்னவோ, வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு செய்த அவமதிப்பைத்தான் குற்றம் என்கிறது. நடைமுறையில் அரசுகள் பார்ப்பது தெருவில் எத்தனை பேர் கூடினார்கள் என்பதை. அதிகம் கத்துபவருக்குத் தடை கிடைக்கும் என்றால், அடுத்தமுறை இன்னும் அதிகம் கத்துவதுதான் புத்திசாலித்தனம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இல் கோட்டை வேறு இடத்தில் போட்டது: வன்முறை போன்ற உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கோடு, அதை உண்டாக்கக்கூடிய விதத்தில் பேசினால்தான் குற்றம். அந்த அளவுகோலின்படி கேலிச்சித்திரம் தப்பிக்கும். "அவன் வீட்டுக்கு இப்போதே கிளம்புங்கள்" என்பவர் மாட்டுவார். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் வன்முறையின் சங்கிலியில் இரண்டாமவர்தான் அருகில் நிற்கிறார்.

இன்று அந்த நான்கு மாதம் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. ஒழுக்கமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு சொல்லும் ட்விட்டர் பதிவின் பகிர்வைச் சுமார் 20 சதவீதம் கூட்டுகிறது என்று வில்லியம் பிரேடி குழுவினர் 2017இல் கணக்கிட்டார்கள். லைக் கிடைத்த ஆத்திரம் மறுபடியும் வருகிறது என்பது அவர்களது 2021 ஆய்வு. கோப்பைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற இப்போது யாரும் தேவையில்லை. இந்தப் பரவலுக்கு வேகத்தடை போடும் முயற்சிகளில் என் கவனத்தை ஈர்த்தது ஒரு சின்ன மாற்றம். பலமுறை கைமாறிய செய்தியை ஒரே நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸப் விதித்தது. அப்படிப்பட்ட செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. எந்தக் கருத்தும் தடை செய்யப்படவில்லை. அனுப்ப விரும்புபவர் அனுப்பலாம். ஒவ்வொரு முறையும் ஓர் உரையாடலுக்கு.