மெத்திலாக்கம் அல்ல, மெத்திலேற்றம்

ஃபோலேட், பி12, கோலின் ஆகிய சத்துகள் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும், methylation என்பதற்கு ‘மெத்திலாக்கம்’ வந்து நிற்கிறது. சொல் பிழை, பொருளும் பிழை.

மெத்தில் என்பது ஒரு கார்பனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த தொகுதி. மது, மரம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து 1830களில் பிரெஞ்சு வேதியியலர் தூமாவும் பெலிகோவும் ஆக்கிய பெயரின் வழிவந்தது. மரத்தைக் காய்ச்சி வடித்த சாராயம்தானே மெத்தனால். பெயர்ச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வோம், சிக்கல் ஈற்றில்தான்.

ஆவியாக்கம் என்றால் நீர் ஆவியாகிறது. அப்படியானால் மெத்திலாக்கத்தில் எது மெத்திலாகிறது? டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் ஒன்றான சைட்டோசினின் 5ஆம் கார்பனில் மெத்தில் வந்து அமர்கிறது; அங்கிருந்த ஓர் ஐதரசன் இறங்குகிறது. 15 ஏறி 1 இறங்க, நிறை 14 கூடுகிறது. சைட்டோசின் மெத்திலாகிவிடவில்லை, மெத்திலைச் சுமக்கிறது. ஆக்சிசனேற்றம், ஐதரசனேற்றம் என்று பள்ளிப் பாடத்திலேயே பழகிய ‘ஏற்றம்’ இருக்க, இங்கு மட்டும் ஏன் ‘ஆக்கம்’? ஆங்கில ஈறு ஒன்றுக்குத் தமிழ் ஈறு ஒன்று என்று அட்டவணை போட்டு மொழிபெயர்ப்பதன் விளைவு இது.

வேடிக்கை என்னவென்றால், மெத்திலாக்கம் என்று சொல்லத்தக்க ஒரு படி இதே வளர்சிதை மாற்றத்தில் உண்டு. செரின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஃபோலேட் பெற்ற கார்பன் முதலில் மெத்திலீனாக, அதாவது இரண்டே ஐதரசனோடு, இருக்கும். எம்.டி.எச்.எஃப்.ஆர். நொதி, பி2 துணையோடு, அதை ஒடுக்கி (ஐதரசன் சேர்த்து) மெத்திலாக்குகிறது. மெத்தில் உண்மையில் உருவாவது அங்கேதான். அந்த மெத்தில் பி12 வழியாக ஹோமோசிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் மீது ஏறினால், அது மெத்தியோனின் என்னும் இன்னோர் அமினோ அமிலம். பி12 குறைந்தால் மெத்தில் ஃபோலேட்டிலேயே சிக்கிக்கொள்ளும், ஹோமோசிஸ்டீன் தேங்கும். அந்நிலையில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கூட்டிக் கொடுத்தால் இரத்தச்சோகை மறையலாம், நரம்புச் சேதம் தொடரும். உருவாவதற்கும் ஏறுவதற்கும் ஒரே சொல்லைப் போட்டால் தடை எந்தப் படியில் என்பதை வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?

‘மீத்தேனேற்றம்’ இன்னும் மோசம். மீத்தேனில் கார்பனின் நான்கு பிணைப்புகளும் நிரம்பிவிட்டன. எதன்மீதும் ஒட்ட அதற்குக் கை மிச்சமில்லை.

இவற்றோடு வரும் இன்னொரு தொல்லை ‘மெத்தில் நன்கொடையாளர்’. உடலில் மெத்திலைப் பிறவற்றுக்குத் தரும் எஸ்-அடினோசைல் மெத்தியோனின் என்னும் சேர்மத்துக்கு ரசீதும் மரியாதை விகுதியும் எதற்கு? ‘மெத்தில் வழங்கி’ போதும். நயாசினமைடு (பி3இன் ஒரு வடிவம்), குவானிடினோ அசிட்டேட் போன்றவை ‘மெத்தில் ஏற்பி’. முன்னது மெத்திலை ஏற்றுச் சிறுநீரில் வெளியேறும், பின்னது கிரியேட்டினாகும். இரண்டும் வழங்கியின் இருப்பைக் குறைக்கும். கோலினிலிருந்து உருவாகும் பீட்டெய்ன் ஏற்பி அல்ல, வழங்கி. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பி12 இல்லாமலே ஹோமோசிஸ்டீனுக்கு மெத்திலைத் தரும்.