வைட் லென்ஸை மாட்டிக்கொண்டு ஏன் தள்ளி நிற்கிறீர்கள்?

இந்த வாரமும் கடலுக்கடியில் எடுத்த அதே மாதிரிப் படம் எனக்கு வந்திருக்கிறது. பச்சையும் நீலமும் கலந்த கலங்கல், நடுவில் கட்டைவிரல் நகமளவு ஓர் ஆமை, படம் முழுக்கக் கோலமாவைத் தூவிவிட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கூடவே வழக்கமான கேள்வி: "லைட்ரூமில் (படம் திருத்தும் மென்பொருள்) சரிபண்ணித் தர முடியுமா?"

முடியாது. உட்கார்ந்து புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைக்கலாம். சென்சாருக்கு வந்தே சேராத சிவப்பை எங்கே போய்க் கொண்டுவருவது?

ஹவுசிங் (கேமராவுக்கான நீர்புகாப் பெட்டி), டோம் போர்ட் (லென்ஸுக்கு முன்னால் வரும் குவிந்த கண்ணாடி), இரண்டு ஸ்ட்ரோப் (நீருக்கடி ஃபிளாஷ்), அவற்றைத் தாங்கும் ஆர்ம் என்று நல்ல பைக் ஒன்றின் விலையைத் தண்ணீருக்குள் தூக்கிப் போகிறவர்கள்கூட இதைத்தான் எடுத்து வருகிறார்கள். கோளாறு கேமராவில் இல்லை, நிற்கிற இடத்தில். தரையில் நாம் வைட் ஆங்கிளைக் கையில் எடுப்பது கல்யாண மண்டபத்து குரூப் போட்டோவுக்கு. முதுகு சுவரில் ஒட்டியாயிற்று, இனிப் பின்னால் போக இடமில்லை, அதனால் வைட். அந்தப் பழக்கம் மனசில் ஊறிப்போயிருக்கிறது. கடலுக்குள் பின்னால் போக இடத்துக்கு என்ன பஞ்சம்? பின்னால் போகவே கூடாது என்பதற்காகத்தான் அங்கே வைட்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 டிகிரி அகலம் பார்க்கும் லென்ஸ், அரை மீட்டர் தூரத்திலேயே ஏறத்தாழ 1.2 மீட்டர் அகலத்தை அள்ளிவிடும். ஒரு மீட்டர் நீளப் பேராமை அதில் தாராளமாக அடங்கும். அதே லென்ஸோடு 3 மீட்டர் தள்ளி நின்றால் படச்சட்டத்துக்குள் 7 மீட்டர் அகலம் வந்துவிடுகிறது. ஆமைக்குக் கிடைப்பது ஏழில் ஒரு பங்கு, மிச்சம் ஆறு பங்கும் வெறும் தண்ணீர்.

வெளிச்சக் கணக்கு இதைவிட மோசம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஸ்ட்ரோபின் ஒளி ஆமைக்குப் போக 3 மீட்டர், திரும்பி வர 3 மீட்டர், ஆக 6 மீட்டர் தண்ணீரைக் கடக்கிறது. அரை மீட்டரில் நின்றிருந்தால் மொத்தமே ஒரு மீட்டர். தூரம் மூன்று மடங்கானால் ஒளி ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும் என்பது காற்றிலேயே உள்ள விதி. தண்ணீர் தின்பது அதற்கு மேல். அதனால்தான் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்ட்ரோபானாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால், படத்தில் புள்ளியாக விழும் மிதக்கும் துகள்களுக்குத்தான் விளக்குப் பிடிக்கும்.

"அன்னிக்கு விசிபிலிட்டி 30 மீட்டர் சார்" என்று பதில் வரும். இருக்கட்டும். அது உங்கள் கண்ணுக்கு. பார்த்ததை மூளை திருத்திக் காட்டிவிடும், சென்சார் திருத்தாது. 30 மீட்டர் தெரிகிற தண்ணீரிலும் சிவப்பு அதே வேகத்தில்தான் போகும்.

அடுத்தது ஸ்ட்ரோபின் இடம். பலரும் டோமுக்கு முன்னால் நீட்டி, இரண்டையும் உள்பக்கமாகப் பார்க்க வைத்துவிடுகிறார்கள், ஆட்டோ ஹெட்லைட் மாதிரி. லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே மிதக்கிற அத்தனை துகளும் பளிச்சென்று எரியும். ஆர்மைப் பக்கவாட்டில் அகல விரியுங்கள். ஸ்ட்ரோபின் முகம் டோமின் விளிம்புக்குப் பின்னால் இருக்கட்டும், கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். ஒளிவட்டத்தின் ஓரம் மட்டும் பொருளைத் தொட்டால் போதும். சரிபார்ப்பது சுலபம்: எதிரே ஒன்றுமில்லாத திறந்த நீரைப் பார்த்து ஒரு படம். நடுவில் புள்ளி விழுந்தால் இன்னும் விரியுங்கள். ஸ்ட்ரோபை அணைத்துவிட்டு ஒன்று எடுத்தால் புள்ளி காணாமல் போகிறதா? அப்படியானால் கடலைக் குறை சொல்லாதீர்கள்.

டோம் பற்றி ஒன்றே ஒன்று. 20 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோள டோமுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸுக்கு, கண்ணுக்கெட்டாத தொலைவுகூட டோமுக்கு ஏறத்தாழ 30 செ.மீ. முன்னால் இருப்பதாகவே தெரியும். கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாத லென்ஸை உள்ளே போட்டால் எல்லாப் படமும் மங்கல்தான். லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டர் வாசலில் போய் நிற்க வேண்டாம். மூலைகள் இழுபடுவதும் டோமின் வளைவால்தான். ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் கேமரா) லென்ஸின் துளையை எஃப் 11, எஃப் 13 என்று மூடுங்கள். எஃப் 4-இல் எடுத்துவிட்டு டோமைத் திட்டுவதில் நியாயமில்லை.

எக்ஸ்போஷரில் பின்னணி நீலத்தை முதலில் முடியுங்கள், ஸ்ட்ரோப் இல்லாமல். ஐ.எஸ்.ஓ. 200, எஃப் 11, 1/125-இல் தொடங்கி, ஷட்டரை மட்டும் ஏற்றி இறக்குங்கள். நீலம் பிடித்த பிறகு ஸ்ட்ரோபைப் போட்டு, அதன் பவரைக் கூட்டிக் குறையுங்கள். சூரியனும் படச்சட்டத்துக்குள் வருகிறதா? 1/250 அல்லது உங்கள் கேமராவின் சிங்க் வேகம் (ஃபிளாஷோடு சேர்ந்து இயங்கும் உச்ச ஷட்டர் வேகம்) எதுவோ அது. ரா ஃபைலில்தான் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்க வேண்டும் என்பதை இன்னுமா சொல்லிக்கொண்டிருப்பது!

இனிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கிட்டப் போ என்றால் பவளத்தின் மேல் முட்டி போடு என்று பொருளில்லை. வைட் படத்துக்கு முன்புறமாகக் கடல் விசிறி, அதாவது விசிறி போல் கிளைவிடும் பவளம், எல்லோருக்கும் பிடிக்கும். டோம் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறவரின் கவனம் பக்கத்தில் நீண்டிருக்கும் ஆர்மில் இருப்பதில்லை, கிளை முறிகிறது. பின்னால் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) உதைத்துக் கிளப்பும் மணல் அடுத்து வருகிறவரின் படத்தையும் சேர்த்துக் கெடுக்கும். கடல் விசிறியும் பாறை கட்டும் பவளங்களும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியோடு. இரண்டு கையும் கேமராவில் இருக்கும்போது மூச்சை வைத்தே ஏறாமல் இறங்காமல் மிதந்து நிற்க முடியாதவர், கேமராவை போட்டிலேயே விட்டுவிட்டு இறங்கலாம்.

ஆமையைத் துரத்தாதீர்கள். அழுங்காமை கடற்பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தால், பக்கவாட்டிலிருந்து மெதுவாக, அதன் கண்ணில் படும்படி போங்கள். தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது மேலே கிளம்பினால் வழியை விடுங்கள். அது மூச்சுக்காகப் போகிறது.

திமிங்கலச் சுறா என்றால் இதுவரை சொன்ன 'கிட்டப் போ' எல்லாம் ரத்து. ஆஸ்திரேலியாவின் நிங்கலூவில் உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர், ஃபிளாஷ் கூடாது என்பது விதி. எங்கே இறங்கினாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாலத்தீவின் ஹனிஃபரு விரிகுடாவில் காற்று உருளையோடு இறங்கும் ஸ்கூபாவே கிடையாது, குழாயில் மூச்சு விட்டு மேலே மிதக்கும் ஸ்நார்க்கல் மட்டும். மாண்டா திருக்கைகள் அங்கே கூடுவது மிதவை உயிரிகளைத் தின்ன. அதாவது தண்ணீரே துகள்தான். ஸ்ட்ரோப் இருந்தாலும் உதவாது. சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு அசையாமல் மிதந்தால், பல நேரம் மாண்டாவே டோமுக்கு முன்னால் வந்து திரும்பும். வராவிட்டால் படம் இல்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஹவுசிங். மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி, ஒரு மணல் போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். கிரீஸ் மெல்லிய பூச்சாக, மினுமினுப்பு தெரியும் அளவுக்கு மட்டும். தண்ணீரைத் தடுப்பது ரப்பர், கிரீஸ் அல்ல. அப்பிவைத்தால் மணலைத்தான் பிடித்து வைக்கும். பயணத்தின் முதல் டைவுக்கு முன் கேமரா இல்லாமல் வெறும் ஹவுசிங்கை முக்கிப் பாருங்கள். ஏறியதும் நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி விடுங்கள், உப்பு அங்கேதான் உறையும். ஆனால் நாலு பேர் ஹவுசிங் இடிபடும் தொட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். போட்டில் வெயில் படும் இடத்திலும் வைக்காதீர்கள். சூடேறிய ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கினால் டோமின் உள்பக்கம் பனி மூடும். அதை அறுபது அடி ஆழத்தில் துடைக்க வழியில்லை.