நிக்குத்: புள்ளி வைத்தால் உயிர் வரும்

எபிரேயம் கற்கத் தொடங்குபவர் காதில் முதல் வாரத்திலேயே விழும் சொல் ‘நிக்குத்’. எழுத்துக்குக் கீழும் மேலும் நடுவிலும் இடப்படும் புள்ளிகள், சிறு கோடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இதுவே பெயர். எபிரேயத்தில் ‘நெக்குதா’ என்றால் புள்ளி. அதே வேரில் பிறந்த தொழிற்பெயர் நிக்குத்; நேர்ப்பொருள் ‘புள்ளியிடல்’.

எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள், அனைத்தும் மெய்களே. ஸாமெக், பே, ரேஷ் என்ற மூன்றை எடுத்துக்கொள்வோம். ஸாமெக்கின் கீழ் அருகருகே இரண்டு புள்ளிகளும், அடுத்த எழுத்தின் கீழ் முக்கோணமாக மூன்று புள்ளிகளும் வைத்தால் ‘ஸெஃபெர்’, அதாவது புத்தகம். இந்த முக்கோணக் குறிக்கு ‘ஸெகோல்’, திராட்சைக் குலை, என்று பெயர். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. மாறாக, ஸாமெக்கின் கீழ் ஒரு படுகோடும், பேயின் வயிற்றுக்குள் ஒரு புள்ளியும் (எழுத்தின் பெயர்தான், அஞ்ச வேண்டாம்), அதன் கீழ் சுத்தியல் போன்ற குறியும் இட்டால் ‘ஸப்பார்’. புத்தகம் முடிதிருத்துபவராகிவிட்டது!

இன்று வழங்கும் முறையை உருவாக்கியவர்கள் கலிலேயாக் கடலோரத் திபேரியா நகரில், யூத மறைநூலின் ஓதல் மரபைக் காத்துவந்த மசோரெத்து அறிஞர்கள், காலம் கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை. மறைநூலின் எழுத்தில் கைவைக்காமல், பரம்பரையாக ஓதிவந்த ஒலியை மட்டும் குறிக்க வேண்டியிருந்தது. எழுத்தைச் சுற்றிப் புள்ளி வைத்தார்கள். யூதத் தொழுகைக்கூடத்தில் ஓதப்படும் தோரா மறைநூற் சுருளில் இன்றும் அந்தப் புள்ளிகள் கிடையா.

தமிழில் என்ன சொல்வது? ‘புள்ளி’ என்று மட்டும் சொன்னால் வம்பு. “மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்” என்பது தொல்காப்பியம். நம் புள்ளி உயிரை எடுப்பது, அவர்கள் புள்ளி உயிரைக் கொடுப்பது. உயிரின்மையையும் குறிக்கும் ‘ஷ்வா’ ஒன்றுதான் ஓரளவு நம் பக்கம். ‘உயிரெழுத்துக் குறியீடு’ வாய்க்கு நீளம். ‘உயிர்க்குறி’ தவறில்லை, ஆனால் மூலச்சொல்லின் புள்ளி காணாமல் போகிறது. என் தேர்வு ‘உயிர்ப்புள்ளி’.

உயிர் என்பது இங்கே தமிழ் மரபை வலிந்து ஏற்றியதன்று. தத்துவவாதி ஸ்பினோசா எழுதி, அவர் இறந்த 1677ஆம் ஆண்டு வெளியான எபிரேய இலக்கணத்தில், உயிரொலிகளை எபிரேயர் ‘எழுத்துகளின் ஆன்மா’ என்றும், அவை இல்லாத எழுத்துகளை ‘ஆன்மா இல்லாத உடல்’ என்றும் அழைப்பதாகக் குறிக்கிறார். “உயிரும் உடம்புமாம் முப்பதும் முதலே” என்ற நன்னூலைப் படித்தவருக்கு இதற்கு உரை தேவைப்படாது.

சிறுவர் நூல், கவிதை, வழிபாட்டு நூல் ஆகியவை உயிர்ப்புள்ளியோடு அச்சாகின்றன. நாளிதழில் அவை இல்லை; சொல்லை இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். புள்ளியிடாத ஓலைச்சுவடி படித்தவர்களுக்குப் பழகிய வேலைதான். குழப்பம் தரும் சொல்லோ அயல்பெயரோ வந்தால் மட்டும், நாளிதழிலும் எங்காவது ஒரு புள்ளி எட்டிப்பார்க்கும்.