ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் எல்லாரும் உடன்பிறந்தவர்கள் அல்லர்

வம்சாவளி ஆய்வுக்காக என்னை நாடி வருபவர்களில் பலர், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமத்துக் குடும்பம் ஒன்றின் பிள்ளைகளை ஒரே ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளை வைத்து வரிசைப்படுத்திக்கொண்டு வருகிறார்கள். அந்தத் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறியாமல் எழுதும் வம்சாவளியில் பிறர் பிள்ளைகள் சேர்ந்துவிடுகிறார்கள். சொந்தப் பிள்ளைகள் விடுபட்டுப்போகிறார்கள்.

1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். மற்றவர்கள் வயதுவாரியான எண்ணிக்கையாகவே நின்றார்கள். 1850இல்தான் அடிமைப்படாத ஒவ்வொருவரின் பெயரும் ஏறியது. ஆனால், தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880இல்தான் வந்தது. ஆகவே, அதற்கு முந்தைய தாள்களில் ஒரே குடும்பப் பெயருடன் அடுத்தடுத்து இருக்கும் பிள்ளைகளில், இறந்துபோன தம்பியின் மகனும் இருக்கலாம். 1880க்குப் பிறகும் 'மகன்' என்றால் தலைவருக்கு மகன் என்பதே பொருள். அவன் மூத்த தாரத்துப் பிள்ளையா, இளைய தாரத்துப் பிள்ளையா என்பதை அந்தச் சொல் காட்டாது.

இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே பிறந்து மறைந்த குழந்தைகளை நினைத்தால்தான் எனக்கு மனம் கனக்கிறது. எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டரின் சகோதரிகளான மேரி, கேரி, கிரேஸ் ஆகியோரை வாசகர்கள் அறிவார்கள். அவர்களுடைய ஒரே சகோதரனான சார்லஸ் ஃபிரெடெரிக், 1875 நவம்பரில் மினசோட்டாவில் பிறந்து, பத்து மாதம் நிறையுமுன் 1876 ஆகஸ்டில் இறந்தான். 1870 கணக்கெடுப்பின்போது அவன் பிறக்கவில்லை; 1880இல் உயிரோடு இல்லை; லாராவின் சிறுவர் நாவல்களிலும் அவன் வரவில்லை. பேர்பெற்ற குடும்பத்துக்கே இப்படி என்றால், பெயர் தெரியாத உழவர் குடும்பங்களில் எத்தனை பேர் விடுபட்டிருப்பார்கள்! 1890 தாள்களில் பெரும்பகுதி 1921ஆம் ஆண்டு வாஷிங்டன் தீவிபத்தைத் தொடர்ந்து அழிந்துபோனதால், 1880க்கும் 1900க்கும் இடையில் இருபதாண்டு இடைவெளி வேறு விழுந்துவிட்டது. 1900, 1910 கணக்கெடுப்புகள் ஒவ்வொரு தாயிடமும் எத்தனை பிள்ளைகள் பெற்றார், எத்தனை பேர் உயிரோடு உள்ளனர் என்று கேட்டன. முதல் எண் உங்கள் பட்டியலைவிடப் பெரிதாக இருந்தால், தேட வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குடும்ப விவிலியத்தில் எழுதிய பிறப்புக் குறிப்புகளைப் பலர் அப்படியே நம்புகிறார்கள். முதலில் அது அச்சான ஆண்டைப் பாருங்கள். 1872இல் அச்சான பிரதியில் 1851 முதலான பிறப்புகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், அவை பின்னாளில் நினைவிலிருந்தோ வேறொரு குறிப்பிலிருந்தோ எழுதப்பட்டவை. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்ததற்கு வைக்கும் வழக்கமும் இருந்ததால், ஒரே பெயருக்கு இரண்டு பிறந்த தேதிகள் கிடைத்தால் அதைப் பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

உடன்பிறந்தாரை உறுதிசெய்ய நான் அதிகம் நம்புவது மாவட்ட நீதிமன்றச் சொத்துப் பதிவுகளைத்தான். உயில் எழுதாமல், பிள்ளையும் இல்லாமல் ஒருவர் இறந்தால் அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும் வாரிசுகளாகப் பதிவாவார்கள். மணமாகிக் குடும்பப் பெயர் மாறிய பெண்களை அங்கேதான் கணவர் பெயரோடு கண்டுபிடிக்கிறோம். நிலத்தில் தம் பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் எழுதிய விடுதலைப் பத்திரங்களும் இதே வகையில் உதவும்.

அடிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இந்த வழிகள் பெரும்பாலும் அடைபட்டவை. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலும் நிறமும்தான் பெரும்பாலும் இருக்கும். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் பதிவேடுகளை அவசியம் பாருங்கள். கணக்குத் தொடங்கியவர்களிடம் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களையும் அந்த வங்கி கேட்டு எழுதி வைத்தது.